ஹாரன் வளர்ந்தது, டிரைவர் வளரவில்லை

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. மகள். மகளோடு படிக்கும் பெண், வையம்பட்டிக்காரி, கண்ணாடி போட்டது. என் மச்சான், மனைவியின் தம்பி. பிறகு ஒரு லேப்டாப். அதையும் ஓர் ஆளாகத்தான் எண்ண வேண்டும். அன்று முழுக்க எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பேசினோம்.

நான் தனியார் டவுன் பஸ் டிரைவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம். காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, அம்மா மண்டபம், ராஜகோபுரம். திரும்பவும் அதே. ஒரு நாள் ஓட்டினால் மறுநாள் ஓய்வு. மச்சான் அதே வண்டியில் கண்டக்டர். எனக்கு ஓய்வு என்றால் அவனுக்கும் ஓய்வு. அவனுக்கு ஓய்வு என்றால் எங்கள் வீட்டில் சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கருவாட்டுக் குழம்பு. மகள் தொடவில்லை. அதிலிருந்தே தெரிந்தது, ஏதோ இருக்கிறது.

மகள் துவாக்குடி பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். கடைசி வருஷம். கடைசி வருஷத்தில் ஒன்று செய்து காட்ட வேண்டுமாம். இவளும் வையம்பட்டிப் பெண்ணும் சேர்ந்து பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று செய்திருந்தார்கள். என் வண்டிதான். என் ரூட்டுதான். முன்கண்ணாடிக்கு மேல் தொங்கும் மணியைக்கூட விடவில்லை. அது ஆடவும் செய்தது.

பெயர் பதியும்போது ரோல் பிளேயிங் கேம் என்று பதிந்துவிட்டார்கள். நாம் வேறு ஓர் ஆளாக மாறி, அந்த ஆள் மாதிரி நடந்து விளையாடுவது. அப்படித்தான் மகள் எனக்குச் சொன்னாள். அவர்களுடைய சார் ஓட்டிப் பார்த்திருக்கிறார். பாலத்தைத் தாண்டினார். கோபுரம் வரை போனார். இறங்கிவிட்டார்.

"இது டிரைவிங் கேம்மா. இதுல ரோல் எங்க இருக்கு?"

வெள்ளிக்கிழமை மறுபடி காட்ட வேண்டும். அன்றும் ரோல் இல்லையென்றால் இதை மூட்டைகட்டிவிட்டு, அங்கே தயாராக இருக்கும் வேறு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். மாணவர் வருகைப் பதிவு எடுக்க கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை.

"பேர மாத்திட்டாப் போச்சு," என்றேன்.

"பதிஞ்சாச்சுப்பா. மாத்த முடியாது."

"அட்டெண்டன்ஸ் எடுக்குறது நல்ல வேலதான பாப்பா," என்றான் மச்சான், வாயில் கருவாட்டோடு.

"மாமா, இத விட்டா எனக்கு கேம் வேலையே கிடைக்காது. ஆயுசுக்கும் அட்டெண்டன்ஸ்தான்."

மச்சான் மோர் கேட்டான்.

சாப்பிட்டதும் லேப்டாப்பை அரிசி டிரம்மின் மேல் வைத்தார்கள். சுற்றி உட்கார்ந்தோம். ரோலை எங்கே வைப்பது என்று பேச்சு.

வையம்பட்டிப் பெண்ணுக்கு இந்த விஷயத்தில் அனுபவம் அதிகம். விடுதியில் படுத்துக்கொண்டே ராட்சசர்களைக் கொல்கிறதாம். அது சொன்னது: "லெவல்தான் அங்கிள் முக்கியம். ஆரம்பத்துல ஆள் சப்பையா இருக்கணும். போகப் போக பவர் ஏறணும். அதான் ரோல் பிளேயிங்."

"அதான் ஏத்துனோமே," என்றாள் மகள்.

ஏற்றியிருந்தார்கள். ஹாரனை. முதல் லெவலில் ஹாரன் சைக்கிள் மணி மாதிரி முனகும். ஒவ்வொரு நடை முடிந்ததும் சத்தம் கூடும். ஐந்தாவது ஹாரனுக்கு எருமை மாடுகூட ஓரம் போகும். நான் அடித்துப் பார்த்தேன். போனது. நிஜத்தில் எந்த மாடும் எனக்கு இந்த மரியாதை தந்ததில்லை.

"இதுக்கு சார் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஹாரன் வளந்துச்சு, டிரைவர் வளரலையேன்னாரு."

எனக்கு அந்த சாரைப் பிடித்துப்போனது. வெளியே சொல்லவில்லை.

"கத்தி வைங்க," என்றான் மச்சான். "நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி கேம் எல்லாத்துலயும் கத்தி இருக்கு. சட்டைக்கு மேல இரும்புச் சட்டை இருக்கு."

"டவுன் பஸ்ல எதுக்கு மாமா கத்தி?"

"சில்லற கேக்குறப்ப வேண்டிருக்கு."

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "கத்தி இருந்தா வேற ஆள் ஆயிடுவமா? எங்கிட்ட அருவாமனை இருக்கு. நான் வேற ஆளா ஆயிட்டனா?"

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க ஓட்டுங்க. ஒரு நிஜ டிரைவர் எப்படி ஓட்டுறார்னு பாத்தா ஏதாவது தோணும்."

உட்கார்ந்தேன். வண்டி சத்திரத்தில் நின்றது. ஜனம் ஏறியது. மகள் ஒரு பொத்தானைக் காட்டினாள். அதை அமுக்கினால் வண்டி நகரும்.

நான் அமுக்கவில்லை.

"என்னப்பா?"

"எலுமிச்சம்பழம் எங்க?"

முதல் நடைக்கு முன்னால் முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். டயருக்குக் கற்பூரம் காட்டுவோம். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பும். வைக்காமல் எடுத்த டிரைவரை நான் பார்த்ததில்லை.

"அப்பா, இது கம்ப்யூட்டர்."

"வண்டிதான."

"அவர் எடுக்க மாட்டாரு பாப்பா," என்றான் மச்சான். "ஓனரே வந்து சொன்னாலும் எடுக்க மாட்டாரு."

மனைவி அடுப்படியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து லேப்டாப்புக்கு முன்னால் வைத்தாள். ரசத்துக்கு வைத்திருந்தது. இப்போது வண்டியை எடுக்கலாம். ஆனால் நான் எடுக்கவில்லை.

"இப்ப என்னப்பா?"

"விசில் வரல."

மச்சான் வாயாலேயே விசில் கொடுத்தான். எடுத்தேன்.

நன்றாகத்தான் ஓட்டினேன். பாலத்தில் காற்று இல்லை. அது ஒரு குறை. மாம்பழச்சாலையில் ஆளை ஏற்றினேன், இறக்கினேன். அம்மா மண்டபத்துக்குச் சற்று முன்னால் ஓர் அம்மா பூக்கூடையோடு ஓரமாக நின்றார். அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. ஆனால் கூடையோடு நிற்கிறவரைத் தாண்டிப் போக முடியாது. நிறுத்தினேன்.

அவர் ஏறவில்லை.

காத்திருந்தேன்.

"அப்பா, போங்க."

"ஏறட்டும்."

"அவங்க ஏற மாட்டாங்கப்பா. அது சும்மா படம். மரம் மாதிரி. அழகுக்கு நிக்கிறாங்க."

"கூடை கனமா இருக்கும். மெதுவாத்தான் வருவாங்க."

பின்னால் வந்த வண்டி என்னைத் தாண்டிப் போயிற்று. திரையின் மூலையில் இருந்த எண்கள் சிவப்பாகிக் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் மைனஸில் நின்றன. ஸ்டாண்டில் வண்டிகளின் நேரம் குறிக்கும் டைம் கீப்பர் படம் வந்து கையை விரித்தது. நடை ரத்து.

வையம்பட்டிப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. "அங்கிள் வேற ஆளா விளையாடவே இல்லடி. அங்கிள் அங்கிளாவேதான் இருக்காரு."

"பின்ன வேற யாரா இருக்குறது?" என்றேன்.

"அதுதான் அங்கிள் கேள்வியே."

அது சரிதான். காக்கிச் சட்டை போட்டால் ஒரு ஆள். கழற்றினால் ஒரு ஆள். இதில் எது வேஷம் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லத் தெரியாது. எட்டாவதோடு நின்றவன்.

"தள்ளுங்க," என்றாள் மனைவி. "நான் ஓட்டுறேன்."

அவளுக்கு சைக்கிள்கூட விடத் தெரியாது.

"கால எங்க வைக்கிறது?"

"கால் வேணாம்மா. நாலு பொத்தான்தான்."

"அவ்வளவுதானா? இதுக்குத்தான் உங்கப்பா சாயங்காலம் வந்து முதுகு வலிங்கறாரா?"

சேலையை இழுத்துச் செருகினாள். கொடியில் கிடந்த என் துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். வலது முழங்கையைத் தூக்கி வெளியே நீட்டினாள். அங்கே ஜன்னல் இல்லை. மச்சானின் மூக்குதான் இருந்தது. தொண்டையைச் செருமினாள். ம்க்கும்.

அது என் செருமல். கியர் மாற்றும் முன் வரும். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும்.

வண்டி கிளம்பியது.

"ஏய் ஆட்டோ," என்றாள் கட்டைக் குரலில். "ரோட்ட எழுதி வாங்கிட்டியா? ம்க்கும். ஏம்ப்பா ஸ்கூட்டி, போறதுன்னா போ, இல்ல வீட்டுக்குப் போ. ம்க்கும். உள்ள போங்க, உள்ள போங்க. உள்ள இடம் கிடக்கு, எல்லாரும் படிக்கட்டுலயே குடும்பம் நடத்துனா எப்படி?"

"அக்கா, அது என் வசனம்," என்றான் மச்சான்.

"டிக்கெட்டப் போடுறா. பேசாத. ம்க்கும்."

மகள் சிரித்துச் சிரித்து அரிசி டிரம்மில் தலையை முட்டிக்கொண்டாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. வையம்பட்டிப் பெண்ணுக்கு விக்கல் வந்தது. பாலத்தில் மனைவி இரண்டு வண்டிகளை ஓவர்டேக் எடுத்தாள். அதில் ஒன்று கவர்மெண்ட் பஸ். தாண்டும்போது தலையை மட்டும் லேசாக ஆட்டினாள். நான் அப்படித்தான் ஆட்டுவேன்.

நான் சிரிக்கவில்லை. ஓட்டுவதைப் பார்த்தேன். தப்பில்லாமல்தான் ஓட்டினாள்.

பூக்கார அம்மா வந்தார். மனைவி நிறுத்தவில்லை.

"ஏன் நிறுத்தல?" என்றேன்.

"டைம் இல்லம்மா. அடுத்த வண்டில வாங்க. ம்க்கும்."

"நான் அப்படிச் சொல்ல மாட்டேன்."

"சொல்லிருக்கீங்க."

"யார்கிட்ட?"

"எங்கிட்ட."

சிரிப்பு நின்றது. லேப்டாப்பில் வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"எப்ப?"

"ரேஷன் அரிசியோட மாம்பழச்சாலைல நின்னேனே. உங்க வண்டிதான்னு ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு நின்னேன். வந்தீங்க. அடுத்த வண்டில வாங்கன்னீங்க. போயிட்டீங்க."

"கூட்டத்துல உன்னப் பாக்கல."

"அதத்தான் சொல்றேன். பாக்கல."

"அன்னைக்கு விசில் குடுத்தது நான்தான்," என்றான் மச்சான்.

"நீ பேசாத மாப்ள."

மனைவி கோபமாகவும் இல்லை. பொத்தானை அமுக்கிக்கொண்டே சொன்னாள். "அதுக்கப்புறம் உங்க வண்டிக்கு நான் நிக்கிறதே இல்ல. கவர்மெண்ட் பஸ்ல ஏறிடுவேன். பொம்பளைங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது."

கோபுரம் வந்தது. வண்டியை நிறுத்தினாள். இறங்குவது மாதிரி எழுந்து, துண்டை உதறிக் கொடியில் போட்டாள். குரல் மாறியது. "காப்பி யாருக்கெல்லாம்?"

மகள் சிரிக்கவில்லை. "அம்மா, இரு. நீ கடைசியா சொன்னத இன்னொரு தடவ சொல்லு."

"காப்பியா?"

"அதுக்கு முன்னாடி."

"நிக்கிறதே இல்லன்னேன்."

மகளும் வையம்பட்டிப் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களுக்குள் இங்கிலீஷில் பேச்சு. வேகமாக. நடுவில் 'பூக்காரம்மா' மட்டும் எனக்குப் புரிந்தது. காப்பி வந்தது, ஆறியது. பஸ் கிடைக்காது என்று வையம்பட்டிப் பெண் அன்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அந்த வாரம் மகள் அடிக்கடி போன் செய்தாள். நான் நடைக்கு நடுவில் சத்திரத்தில் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்துச் செய்வாள்.

"அப்பா, ஒருத்தர ஏத்தாமப் போயிட்டா அவங்க எவ்வளவு நாள் கோவமா இருப்பாங்க?"

தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்டேன்.

"ஆளப் பொறுத்து," என்றாள்.

"உன்னப் பொறுத்து?"

"என்னப் பத்தி இப்ப என்ன? புள்ளைக்கு ஆளப் பொறுத்துன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு வண்டி. டைம் பார்க்கவே மனம் வரவில்லை. ராஜகோபுரத்தில் வண்டியைத் திருப்பும்போது ஒரு கும்பிடு கூடுதலாகப் போட்டேன். மச்சான் பார்த்துவிட்டான். அவனும் ஒன்று போட்டான்.

சாயங்காலம் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றாமலே சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

சார் உட்கார்ந்தார். கிளம்பும் முன் திரையில் ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. விரும்பினால் சக்கரத்தின் அடியில் வைக்கலாம்.

"இத வெக்கலன்னா என்னம்மா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார்."

"வெச்சா பாயின்ட் உண்டா?"

"கிடையாது சார்."

"அப்ப எதுக்கு?"

"எங்கப்பா வெக்காம எடுக்க மாட்டார் சார்."

சார் வைக்காமலே எடுத்தார். நேரத்துக்குப் போனார். பூக்காரம்மாவைத் தாண்டினார். ஒரு காலேஜ் பையன் ஓடி வந்தான், அவனையும் தாண்டினார். கோபுரத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். டைம் கீப்பர் கைதட்டியது. சார் மகளைப் பார்த்தார். அப்படியேதான் இருக்கு என்கிற பார்வை.

"அடுத்த நாளும் ஓட்டுங்க சார்," என்றாள் மகள்.

விளையாட்டில் மறுநாள் காலை. மாம்பழச்சாலையில் ஜனம் இருந்தது. சார் நிறுத்தினார். பாதிப் பேர் ஏறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் வரும் வண்டியைப் பார்த்தார்கள். அம்மா மண்டபத்தில் பூக்காரம்மா இல்லை. கூடையின் தடம் மட்டும் இருந்தது. மூலையில் பாயின்ட் இருந்த இடத்தில் இப்போது வேறு கணக்கு. உங்கள் வண்டிக்காக மற்ற வண்டியை விட்டுவிட்டு நிற்பவர்கள். அது பூஜ்யம் என்றது.

சார் திரையில் அந்தத் தடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அந்தம்மா எங்க?"

"வேற வண்டில போறாங்க சார்."

"திரும்ப எப்ப வருவாங்க?"

"அது நீங்க எப்படி ஓட்டுறீங்கங்கறதப் பொறுத்து சார்."

மூன்றாம் நாளை ஓட்டினார். இந்த முறை எலுமிச்சம்பழத்தை வைத்தார். யாரும் சொல்லவில்லை, அவராக வைத்தார். வெளியே அடுத்த குழு காத்திருந்தது. அட்டெண்டன்ஸ் குழு. அவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சார் அவர்களைக் கூப்பிடவில்லை. நான்காம் நாள் ஓட்டினார். ஐந்தாம் நாள் மண்டபத்தருகே பூக்கூடை தெரிந்தது. சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் பிரேக் போட்டார். அந்த அம்மா முதலில் இவரைப் பார்த்தார். பிறகு ஏறினார். மெதுவாக. பின்னால் வந்த வண்டி தாண்டிப் போயிற்று. சார் அதைக் கவனிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டார்.

"லெவல் எத்தன வேணா வெச்சுக்கோங்கம்மா. நான் என்ன செஞ்சேன்னு ரோடு ஞாபகம் வெச்சிருக்கு. இப்ப ரோல் இருக்கு," என்றாராம்.

"ஹாரன்?" என்று கேட்டேன்.

"ஹாரன எடுத்துட்டோம்பா."

எனக்கு வருத்தம்தான். அந்த எருமை போன அழகு.

மகள் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

சனிக்கிழமை ஓய்வு. விளையாட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். எல்லோரும் ஓட்டினோம். கண்டக்டர்கள் எல்லோருக்கும் டிரைவரைவிட நன்றாக ஓட்டுவோம் என்று ஒரு நினைப்பு உண்டு. மச்சான் ஓட்டினான். அவனுக்காகக் காத்து நின்றது ஒன்று. அது நாய்.

"நாய கணக்குல சேக்குறதா பாப்பா?"

"நாங்க சேக்கல மாமா. அதுவா வந்து நிக்குது."

மனைவி துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினாள். ஆட்டோக்காரனைத் திட்டினாள். ஆளை ஒருவர் விடாமல் ஏற்றினாள். பதினொன்று.

எனக்கு ஆறு. எல்லோருக்கும் நின்று நின்று போனேன். நின்றதில் நேரம் போயிற்று. முன்னால் நிற்கிறவர்கள் சலித்துப்போய் வேறு வண்டியில் ஏறிவிட்டார்கள். ஒருவருக்கு நின்றால் ஒருவர் போகிறார். நிஜத்திலும் அப்படித்தான். அதை மகள் யாரைக் கேட்டு வைத்தாள் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

மறுநாள் வண்டி. எலுமிச்சம்பழம் வைத்தேன். மச்சான் விசில் கொடுத்தான். எடுத்தேன்.

மூன்றாவது நடை. பாலம் இறங்கி மாம்பழச்சாலை. எனக்கு முன்னால் கவர்மெண்ட் பஸ் நின்றது. முகத்தில் பிங்க் அடித்தது, பெண்களுக்கு டிக்கெட் இல்லாதது. உள்ளே சீட் காலியாகத் தெரிந்தது. ஜனம் ஏறியது. பஸ் போயிற்று.

ஸ்டாப்பிங்கில் ஒரு ஆள் ஏறாமல் நின்றது. கையில் கட்டைப் பை. பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.

நிறுத்தினேன். என் மனைவி ஏறினாள். இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, உனக்கு டிக்கெட்டா?" என்றான் மச்சான்.

"ஏன், உங்க வண்டி ஓசியா? கிழிடா."

கிழித்தான். நான் அவள் பையைக் காலடியில் வைத்து முடிக்கும் வரை பார்த்தேன். தொண்டையைச் செருமினேன். இன்ஜின் பக்கத்திலிருந்தும் ஒரு செருமல் வந்தது. அதே மாதிரி. மச்சானுக்கு விசில் ஊத வரவில்லை. சிரிப்பு. பிறகு ஊதினான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மகள் என் போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னைக்கு ஓட்டவே இல்லையா? ஆறுலயே நிக்குது."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அடுப்படியில் முருங்கைக்காய் சாம்பார் கொதித்தது.

"தப்பு," என்றேன்.

"அப்ப எத்தன?"

"ஏழு."